நேற்றே விட்ட வழி

வெள்ளூரணிக் கடைத்தெருவில் ஆம்புலன்ஸின் சத்தம் வண்டிக்கு ஒரு நாள் முந்தி வர ஆரம்பித்தது தேர் ஓடி முடிந்த மறுவாரம் என்று சிலர் சொல்வார்கள், இல்லை, சிமென்ட் ரோடு போட்ட பிறகுதான் என்று சிலர் சொல்வார்கள், எப்போது என்பதில்தான் ஊருக்குள் சண்டையே தவிர ஏன் என்று யாரும் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் வரும் கிழமையும் கரண்ட் போகும் நேரமும் சொன்னபடி நடக்காத ஊரில் ஒரு சத்தம் மட்டும் சொன்னபடி வரவேண்டும் என்று எதிர்பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

முதல் தடவை அது மேலத்தெருவிலிருந்து கிளம்பி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கடைத்தெருவுக்குள் நுழைந்து, கீழ முக்கில் இருக்கும் ஆஸ்பத்திரி வாசல் வரை போய் அடங்கியது. சத்தம் மட்டும்தான். டயர் இல்லை, புழுதி இல்லை, சுற்றுகிற விளக்கு இல்லை. ஆனாலும் சத்தம் கேட்டதும் ஷேர் ஆட்டோக்கள் இடது ஓரமாக ஒதுங்கின, வாழைத்தார் லாரி சாக்கடை மூடியின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நின்றது, பூக்காரிகள் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள், பைக்கில் வந்தவர்கள் ஒரு காலை ஊன்றியபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நடுரோடு தண்ணீர் திறந்துவிடக் காத்திருக்கும் வாய்க்கால் மாதிரி காலியாகக் கிடந்தது, அந்த வாய்க்காலில் ஒன்றுமே போகவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு மேலத்தெருவிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது, மூச்சுத் திணறும் ஒரு அரிசி மண்டிக் கணக்கப்பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு, வாயடைத்துப்போய். ஒரு சைக்கிள்கூட நகரவில்லை. டிரைவர் மிக்கேல் தலையை வெளியே நீட்டிக் கத்தினார், ஹாரனை அமுக்கினார். ஆனால் அந்தக் கடைத்தெருவில் ஹாரன் என்பது மனிதர்கள் மூச்சு விடுவது மாதிரி, யார் விடுகிறார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“நேத்தே வழி விட்டாச்சுல்லா அண்ணாச்சி,” என்றார்கள், எரிச்சலோடு அல்ல, நினைவுபடுத்துகிற தோரணையில்.

கணக்கப்பிள்ளை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தார், உள்ளே போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு இதுவே வழக்கமாயிற்று. ஆம்புலன்ஸ்காரர்கள் சைரனைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள், புதுசும் ஒரு நாள் முந்தியே பாடியது. பக்கத்து ஊர் வண்டியை வரவழைத்துப் பார்த்தார்கள், வெள்ளூரணி எல்லைப் பாலம் வரைக்கும் கத்திக்கொண்டு வந்த அது பாலத்தைத் தாண்டியதும் ஊமையாகிவிட்டது. ஊர்க்காரர்கள் இதற்குள் சத்தத்தைப் பழகிக்கொண்டார்கள். எந்த வீட்டு வாசலில் அது கிளம்புகிறது என்று காதை வைத்துக் கேட்டு, சாயங்காலத்துக்குள் உறவுக்காரர்கள் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து, இன்னும் நோய் வராதவரின் பக்கத்தில் உட்கார்ந்து நலம் விசாரித்தார்கள். வியாபாரிகள் சங்கம் ஊர் முகப்பில் ஒரு போர்டு வைத்தது: ‘ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதில் முன்மாதிரி ஊர், வருக’. அதில் பொய் இல்லை. சத்தத்துக்கு அவர்கள் வழிவிடும் அழகைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். ஒரு கல்யாண ஊர்வலம் மாப்பிள்ளையோடு, குதிரையோடு, மேளத்தோடு மொத்தமாக இடது பக்கம் ஒதுங்கி நின்ற நாளை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

முன்கூட்டியே தெரிகிறதே, தப்பித்துக்கொள்ளலாமே என்று பார்த்தவர்களும் உண்டு. முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை டியூட்டி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிற நோய்க்கு இன்றைக்கு எப்படிப் பெட் போடுவேன், நோய் வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். சத்தம் வீட்டைத்தான் சொல்லியது, ஆளைச் சொல்லவில்லை. வடக்குத் தெருவில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மொத்தமாக ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் போய்க் குந்தியிருந்தது. பூட்டிய வீட்டின் கொல்லையில் முருங்கைக்காய் பறிக்க ஏறிய பக்கத்து வீட்டுக்காரர் கிளையோடு விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார், ஆம்புலன்ஸ் அவருக்காக அந்த வீட்டு வாசலிலிருந்தே கிளம்பியது. அதோடு ஊர் அந்த முயற்சியை விட்டுவிட்டது.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தவள் சண்முகக்கனி ஒருத்திதான். கோமதி டிரைவிங் ஸ்கூல் அவளுடையது, கடைத்தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், அவர்கள் அத்தனை பேருக்கும் அவள் ஒரே பாடத்தை ஒரே ராகத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: சத்தம் கேட்டால் பதறாதே, கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு, இடது ஓரம் ஒதுங்கு, முக்கில் நிற்காதே, தாண்டிப் போய் நில், வண்டி போன பிறகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடாதே. பாடத்தில் பழுதில்லை, பிள்ளைகளும் பழுதில்லாமல் படித்திருந்தார்கள்.

“நீங்கதான மைனி சொல்லித் தந்திய, சத்தம் கேட்டா ஒதுங்கணும்னு,” என்பான் ஷேர் ஆட்டோ லிங்கதுரை. “கேட்டுச்சு, ஒதுங்குனோம். சத்தமே போடாம வாற வண்டிக்கு ஒதுங்கணும்னு எந்தப் பாடத்துல இருக்கு?”

“கண்ணு எதுக்குலே இருக்கு?”

“கண்ணு முன்னால பாத்து ஓட்ட. பின்னால பாத்துட்டே ஓட்டுனா நாளைக்கு நானுல்லா அதுக்குள்ள படுத்துக் கெடப்பேன்.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பார்கள். கனிக்குச் சிரிப்பு வராது. அவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், சத்தம் போகும்போது அவர்கள் கண்ணில் தண்ணீர் நிற்பதை அவளே பார்த்திருக்கிறாள். யாரோ ஒரு முகம் தெரியாத உயிருக்காக அத்தனை பேரும் உருகி நின்று, அந்த உயிர் நிஜமாக வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறி, கடைக்காரர்கள் வாசலில் இரண்டாம் முறை தண்ணீர் தெளிக்கும் நேரத்தில், சத்தம் அவள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது.

அவள் முன்வாசலில் எல் போர்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அது வீறிட்டுக் கிளம்பி, தெருவைத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், கடைத்தெருவுக்குள் இறங்கியது. அங்கே இப்போது எல்லாரும் ஒதுங்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. தடையே இல்லாமல் ஒரே மூச்சில் சத்தம் கீழ முக்கு வரைக்கும் போய் நின்றதை வைத்து எவ்வளவு நன்றாக ஒதுங்கியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது.

உள்ளேயிருந்து அவள் புருஷன் ஆவுடையப்பன் வந்து நிலைப்படியில் நின்றார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மொபெட்டை ரோட்டின் வலது பக்கத்தில்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்.

“ஏளா, உனக்கா எனக்கா?” என்றார்.

“சும்மா இருங்க.”

“வீட்ல இருக்கது ரெண்டு பேரு. மக கோயமுத்தூர்ல இருக்கா, அவளுக்கு அந்த ஊரு சத்தம். அப்ப ரெண்டுல ஒண்ணு. பூவா தலையா போட்டுப் பாப்பமா?”

“உங்களுக்கு நெஞ்சு வலிக்கா இப்போ?”

“இல்ல. உனக்கு?”

“இல்ல.”

“அப்ப சோத்தப் போடு,” என்றார் அவர். “நாளைக்குள்ளதுக்கு இன்னைக்கு எதுக்குப் பட்டினி கெடக்கணும்?”

அவள் சோற்றைப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல், கடைத்தெருவுக்குப் போனாள். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். நாளைக்கு இதே நேரத்துக்கு எங்கள் வண்டி வரும், சத்தம் இருக்காது, கொஞ்சம் ஒதுங்கிக் கொடுங்கள் என்று கேட்டாள். எல்லாரும் அவளை உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பழச்சாறு போடட்டுமா என்று கேட்டார்கள், இன்றைக்கு உங்கள் சத்தம் போகும்போது என் கடைக்கு முன்னால் ஒரு ஈ எறும்பு இல்லை மைனி என்று பெருமையாகச் சொன்னார்கள். நாளைக்கு என்றதும் முகம் மாறியது.

டீக்கடை சுடலைமணி கடை முன்னால்தான் ரோடு மிகவும் குறுகியது, அங்கேதான் எல்லா ஆம்புலன்ஸும் மாட்டும், டீ குடிக்க நிறுத்தும் பைக்குகள் இரண்டு வரிசையாக நிற்பதால். அவரிடம் கனி கையைக் கூப்பியே கேட்டாள்.

“நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்?” என்றார் சுடலைமணி. “ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு ரெண்டு தடவ விட்டா, கணக்கப்பிள்ள வீட்ல வந்து கேக்க மாட்டாவளா, எங்களுக்கு ஏன் ஒரு தடவதான் விட்டியன்னு? அவரு சம்சாரத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“அவருக்கும் ரெண்டாவது தடவதான விட்டிருக்கணும்? மொதத் தடவ யாரும் வரலைல்லா.”

“சத்தம் வந்துச்சே.”

“சத்தத்துக்கா வலிக்கி?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், உண்மையாகவே யோசித்தார், பால் பொங்கி வழிகிற அளவுக்கு. பிறகு, “இன்னைக்கு ஒங்களுக்காக நான் கண்ண மூடிக் கும்பிட்டேன் மைனி, பொய்யில்ல,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் தும்மினால் அவள் எழுந்து நின்றாள், அவள் இருமினால் அவர் பேப்பரை மடித்தார். அவளை அடுப்புப் பக்கம் போகாதே என்றார், அவரை மாடிப்படி ஏறாதீர்கள் என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன், “நமக்கில்லப்போல, எவனோ முருங்க மரத்துல ஏறப் போறான்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சிரிப்பு முடியாமலேயே இடது கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தார்.

காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்றால், எல் போர்டு மாட்டிய காருக்கு அந்த ஊரில் மாடுகூட ஒதுங்காது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜனாவது இருக்கும். மிக்கேல் ஏற்கெனவே தெரு முனையில் வண்டியோடு காத்திருந்தார், முந்தின நாள் சத்தம் கேட்டவர்களில் அவரும் ஒருவர் அல்லவா. சத்தமில்லாமல் கதவைத் திறந்து, சத்தமில்லாமல் ஏற்றி, ஊமை வண்டி கிளம்பியது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் நின்றது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதன் முன்னால் லிங்கதுரையின் ஷேர் ஆட்டோ, அதன் முன்னால் பைக்குகள், பைக்குகளுக்கு நடுவே நுழைய இடம் பார்க்கும் பைக்குகள். மிக்கேல் கண்ணாடியை இறக்கிக் கையால் தகரத்தைத் தட்டினார். லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, விரல்களைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். நேற்று என்று அர்த்தம்.

கனி கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். லாரிக் கதவைத் தட்டினாள், பைக்குகளைப் பிடித்துத் தள்ளினாள், என் புருஷன், என் புருஷன் என்றாள். அவர்கள் அவளை அனுதாபமாகப் பார்த்தார்கள். “தெரியும் மைனி, நேத்து கேட்டோம்,” என்றான் லிங்கதுரை, தாழ்ந்த குரலில். “நல்லாயிரும், கவலப்படாதிய.” ஆட்டோவை நகர்த்தவில்லை. நகர்த்தக் கூடாது என்று அவன் நினைக்கவில்லை, நகர்த்த வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று நினைத்தான், தாண்டிப்போன பஸ்ஸுக்கு யார் கை காட்டுவார்கள்.

அவள் திரும்பி வண்டிக்குள் வந்தபோது ஆவுடையப்பனின் முகம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அவள் குனிந்து காதை வைத்தாள்.

“வலது பக்கம் ஏறிப் போச் சொல்லு மிக்கேல,” என்றார். “நான் அப்படித்தான் போவேன்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே டீ ஆற்றுகிற சத்தம், ஹாரன்கள், யாரோ சில்லறை கேட்கிற சத்தம். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அவள் கையை விட்டுக்கொண்டிருந்தன.

அப்போது பின்னாலிருந்து ஒரு சைரன் கேட்டது.

தெற்குத் தெருப் பக்கம் எங்கேயோ கிளம்பி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கடைத்தெருவுக்குள் நுழைந்தது, வண்டி இல்லாமல், வெறும் சத்தமாக. கடைத்தெரு மொத்தமும் ஒரே ஆளாக அசைந்தது. தண்ணீர் லாரி இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஏறியது, லிங்கதுரை கண்ணாடியைப் பார்த்துப் பதறாமல் ஒதுங்கினான், சுடலைமணி கடைக்கு முன்னால் நின்ற பைக்குகளை டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கியே ஓரம் வைத்தார்கள், கன்னங்களுக்குக் கைகள் போயின, நடுரோடு திறந்துகொண்டது, சத்தம் ஆம்புலன்ஸின் கூரை மேலாக ஏறி அவர்களைக் கடந்து முன்னால் போயிற்று.

மிக்கேல் கியரைப் போட்டார். யாரோ ஒருவருடைய சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, செய்யவே கூடாது என்று கனி வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்ததைச் செய்துகொண்டு, வண்டி கடைத்தெருவைக் கடந்து கீழ முக்கில் திரும்பி ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றது.

ஆவுடையப்பன் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போனார். சாயங்காலம் கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மிக்கேல் எந்தப் பக்கமாக வந்தான் என்பதுதான்.

கனி வராந்தாவில் மிக்கேலைப் பிடித்தாள்.

“அது யாரு வீட்டுச் சத்தம்?”

“தெரியாதுக்கா. தெக்குத் தெருவுல எங்கயோ. நாளைக்குத் தெரியும்.”

“இதுக்கு முன்னயும் இப்படிப் போயிருக்கியளா?”

அவர் வண்டிச் சாவியை விரலில் சுற்றினார். “எப்பமாவது வாய்க்கும். வாய்ச்சா விடுறதில்ல. உள்ள ஆளு கெடக்கும்போது யோசிக்க முடியுமாக்கா?”

“முடியாது,” என்றாள் கனி. அவளாலும் முடிந்திருக்காது. யாரோ ஒருவருக்கு ஊர் விட்ட வழியில் அவள் புருஷன் உயிரோடு வந்து படுத்திருக்கிறார், அந்த யாரோ நாளைக்கு வாயடைத்த வண்டியில் வந்து, லாரிக்குப் பின்னால் நின்று, விரல்கள் பின்பக்கமாக மடங்குவதைப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க அவள் அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது அப்படியே இருந்தது.

மறுநாள் வெயில் ஏறியதும், ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் அவருடைய தங்கையை உட்கார வைத்துவிட்டு, கனி கடைத்தெருவுக்கு வந்து, சுடலைமணியின் கடைக்கு எதிரே நடுரோட்டில் நின்றாள். முதலில் எல்லாரும் நலம் விசாரித்தார்கள், நாங்கள் கும்பிட்டது வீண் போகவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். அவள் ஒதுங்கச் சொன்னதும் புரியாமல் பார்த்தார்கள்.

“தெக்குத் தெரு வண்டிக்கா?” என்றார் சுடலைமணி. “அதுக்கு நேத்தே விட்டாச்சே. நீங்கதான் உள்ள இருந்து பாத்தியளே.”

“அதுல நாங்க போயிட்டோம்,” என்றாள் கனி.

கடைக்குள்ளே கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை ஓட விட்டுவிட்டு நின்றார்.

“அது சரியில்லையே மைனி,” என்றான் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த லிங்கதுரை. “அவங்களுக்கு விட்டத நீங்க எப்படி எடுக்கலாம்?”

“எடுத்தாச்சுலே. எடுக்காட்டி உங்க அண்ணாச்சி இப்போ இல்ல. அவங்களுக்கு இன்னும் யாரும் வழி விடல. நகத்து.”

“நாங்க விட்டோமே.”

“வரலைல்லா அவங்க.”

“அதுக்கு நாங்க என்ன பண்ண? நீங்களும் அவங்களும் பேசித் தீத்துக்கோங்க,” என்று பைக்கில் இருந்த யாரோ சொன்னார்கள், அதை ஆமோதித்து இரண்டு ஹாரன்கள் அடித்தன.

பஸ் ஸ்டாண்டு முனையில், வெயிலில் சாயம் போனதுபோல ஒரு நீலமும் சிவப்பும் சுற்றுவது தெரிந்தது. சத்தமில்லை. மிக்கேலின் கை ஜன்னலுக்கு வெளியே தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது, அதுவும் இங்கே கேட்கவில்லை. வண்டிக்குள்ளே யார் என்று தெரியாது. கிழவனோ குழந்தையோ, தெரிந்தவர்களோ தெரியாதவர்களோ.

கனி பேச்சை விட்டுவிட்டாள். லிங்கதுரையின் ஆட்டோவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, அவன் கைகளின் மேலேயே தன் கைகளை வைத்து, ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடித்தாள். “முதல் கியரு. போடு,” என்றாள். அவன் வாய் ஏதோ சொல்ல வந்தது, கை பழக்கத்தில் கியரைப் போட்டுவிட்டது. ஆட்டோ சாக்கடை ஓரம் போய் நின்றது. அவள் அடுத்த பைக்கைப் பிடித்தாள். அதில் இருந்தவர் திட்டினார், அவள் திட்டை வாங்கிக்கொண்டே பைக்கை அவரோடு சேர்த்து இழுத்து ஓரத்தில் விட்டாள். அதற்கடுத்தவர் மாட்டேன் என்று இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார், அவரை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் நின்றவரைத் தள்ளினாள். முந்தானை எங்கேயோ கண்ணாடியில் மாட்டிக் கிழிந்தது. உனக்குப் பைத்தியமா என்று யாரோ கேட்டார்கள், அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றோ நகரு என்றோ.

ஆஸ்பத்திரி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊமை வண்டி ஒரு ஆட்டோ நீளம் முன்னால் வந்தது. கனி அடுத்த வண்டியின் ஹேண்டில்பாரில் கையை வைத்தாள்.